மச்சான் பேரில் இருந்த கார்டு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் பல வருஷம் கிடந்த விரல்கள் பேனாவுக்குச் சரியாக மடங்க மாட்டேன் என்கின்றன. எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். இதை முதலில் படிக்கப் போகிறவள் என் வீட்டுக்காரி. அவள் எட்டாம் வகுப்பு படித்தவள். பிழைகளைக் கண்டு அவள் சிரித்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை இது.

அவளுக்கு இரண்டு காதும் கெட்டுப்போனது என்னால். நோயை நான் கொண்டுவரவில்லை. ஆனால் அதற்கான வைத்தியம் தாராவியில் எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கைக்காசு செலவில்லாமல், எங்களுக்கென்று சர்க்கார் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அவள் அங்கே போக முடியாமல் செய்தது என் வாய் திறக்காத குணம். பிறகு நான் சொன்ன ஒரு பொய்.

நான் பம்பாய்க்கு வந்தது அறுபதாம் வருஷம் பிறந்த சமயம். என்னையும் என் பெண்டாட்டியையும் கூட்டி வந்தவர் என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஊரில் ஒரு வருஷம் தங்கவேண்டிய காரியம் வந்தது. போனால் இடம் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். தன் இடத்தில் என்னை நிறுத்தினார். ஆள்தான் மாறும், பேர் மாறாது. ஹாஜிரிப் புத்தகத்தில் அவர் பேர் அப்படியே இருக்கும், அந்தப் பேரைக் கூப்பிடும்போது நான் "ஹாஜிர்" என்று சொல்ல வேண்டும். தாராவியில் அண்ணன் பேரில் தம்பியும், மாமன் பேரில் மருமகனும் வேலை பார்ப்பதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. இடத்தைக் காப்பாற்றுகிற வழி என்றுதான் நினைத்தோம்.

மச்சான் என்னை முக்காதமிடம் கூட்டிப் போனார். ஆட்களை வேலைக்கு வைக்கிறவர் அவர்தான், அவரும் திருநெல்வேலிப் பக்கம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாய் பேசுமா வே, இந்த ஆளு?"

"வாய் எதுக்கு அண்ணாச்சி? தோல் தூக்கணும், அம்புட்டுத்தானே. மாப்ள ரெண்டு ஆளு வேலை செய்வாரு. பேச்சு மட்டும் அரை ஆளுதான்" என்றார் மச்சான்.

"அப்பம் நல்லதாப் போச்சு. பேசுற ஆளுதான் எனக்கு ஆகாது."

இப்படித்தான் நான் என் மச்சான் ஆனேன். கூலி வாங்கும்போது அவர் பேரைக் கையெழுத்தாகப் போடவேண்டும். முதல் வாரம் என் பெண்டாட்டி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள், நான் பார்த்துப் பழகினேன். என் சொந்தப் பேரை எழுதியதைவிட மச்சான் பேரை நான் அதிகத் தடவை எழுதியிருக்கிறேன்.

ஒரு வருஷத்தில் மச்சான் திரும்பி வந்தார். அதற்குள் காட்கோபரில் ஒரு பலசரக்குக் கடையில் அவருக்கு நல்ல வேலை ஏற்பாடாகியிருந்தது. "இந்த நாத்தத்துக்குள்ள இனிமே நான் வரமாட்டேன் மாப்ள. என் பேரை நீரே வச்சுக்கிடும்" என்று சிரித்தார். நானும் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கம்பெனிக்கு இன்சூரன்ஸ் வந்தது. குறைந்த கூலிக்காரர்கள் நோயில் விழுந்தால் அவர்களுக்கு வைத்தியம் செய்ய சர்க்கார் கொண்டுவந்த ஏற்பாடு. கூலியில் வாரத்துக்குக் கொஞ்சம் சில்லறை பிடிப்பார்கள். ரொம்பக் குறைந்த கூலி வாங்குகிறவனிடம் அதையும் பிடிப்பதில்லை. பெரும்பங்கு முதலாளி கட்ட வேண்டும், வைத்தியச் செலவில் ஒரு பாகம் சர்க்காருடையது. கார்டைக் காட்டினால் நம் சந்துக்குப் பக்கத்திலேயே உள்ள டாக்டர் பார்ப்பார். மருந்துக்குக் காசு இல்லை. படுத்துவிட்டால் பாதிக் கூலியும் வரும். இதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் கம்பெனி குமாஸ்தா. மாட்டுங்காவிலிருந்து குடையும் டிபன் டப்பாவுமாக வருகிற மனிதர். எங்கள் கம்பெனியில் மடிப்புக் கலையாத சட்டை போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

பேர் பதிய இன்சூரன்ஸ் ஆபீசர் ஒருவர் வந்தார். முற்றத்தில் மேஜை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா ஹாஜிரிப் புத்தகத்தைப் பார்த்து மச்சான் பேரைப் படித்தார். நான் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "சார், இது என் சித்தப்பா பேரு, என் பேரு வேற" என்று சொன்னதை நான் கேட்டேன். ஆபீசர் ஏதோ கேட்டார், குமாஸ்தா ஏதோ சொன்னார், அடித்து எழுதினார்கள். அவ்வளவுதான் நடந்தது. என் முறை வந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேஜைக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்கு அப்படித்தான். பின்னால் எழுபது பேர் நிற்கிறார்கள், நம்மால் ஏன் தாமதம் என்று தோன்றியது. மச்சான் பேரைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கார்டின் அருமை எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஒரு மழைக்காலத்தில் கையில் சுண்ணாம்புப் புண் வந்து பதினைந்து நாள் வேலைக்குப் போக முடியவில்லை. டாக்டர் கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார், பாதிக் கூலியும் வந்தது. அதற்கு முன்னால் அப்படிப் படுத்திருந்தால் வீட்டில் உலை வைத்திருக்க முடியாது. மச்சான் பேரில் எனக்குப் புண் ஆறியது. பேரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சில வருஷம் கழித்து, இனி வீட்டு ஆட்களுக்கும் வைத்தியம் உண்டு என்று சொன்னார்கள். குமாஸ்தா எல்லாரையும் கூப்பிட்டு பாரம் நிரப்பினார். என் முறை வந்தபோது, "பெண்டாட்டி பேர் சொல்லும்" என்றார். சொன்னேன். "குழந்தைகள்?" "இல்லீங்க." எழுதிக்கொண்டார். நான் என் பெண்டாட்டியின் பேரைச் சொன்னேன். அது யாருடைய பெண்டாட்டி என்று அந்தக் காகிதத்தில் விழுகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை. குமாஸ்தாமேல் தப்பில்லை. புத்தகத்தில் இருக்கும் ஆளின் உடன்பிறந்தவள் அவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சமயத்தில் அவளுக்கு வலது காதில் சீழ் வர ஆரம்பித்திருந்தது. முன்பே குளிர்காலத்தில் வலி வரும். வெள்ளைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவாள், அடங்கிவிடும். இந்தத் தடவை அடங்கவில்லை. பஞ்சு வைத்துக்கொண்டு தோல் பைகளுக்குக் கைப்பிடி தைப்பாள். வீட்டுக்குக் கொண்டுவந்து செய்கிற வேலை அது. முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனாள். வரிசையில் ஒரு பகல் போயிற்று. சொட்டு மருந்து கொடுத்து, வாராவாரம் வரச் சொன்னார்கள். வாரத்தில் ஒரு பகல் வேலை போனால் கைப்பிடி கொடுக்கிறவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். "அதான் நமக்குன்னு கார்டு டாக்டர் இருக்காரே, பக்கத்துலயே காட்டிக்கிடுதேன்" என்றாள். பாரம் எழுதிக் கொடுத்த தைரியத்தில் நானும் சரி என்றேன்.

ஒரு புதன்கிழமை காலை கார்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் வேலை முடிந்து வந்தபோது கார்டு அலமாரித் தட்டில் கவிழ்ந்து கிடந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரைப் பார்க்கலை."

"ஏன், கூட்டமா?"

"கூட்டம் எல்லாம் இல்லை. கம்பவுண்டர் பேரை வாசிச்சாரு."

"வாசிச்சா என்ன?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "எங்க அண்ணன் பேரை வாசிச்சு, உன் புருஷன்தானேன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

எங்கள் பெண்கள் கட்டியவன் பேரைச் சொல்ல மாட்டார்கள் என்பது அந்தக் கம்பவுண்டருக்குப் பழகிப்போன விஷயம். அவர் மராத்திக்காரர். அவரே கார்டைப் பார்த்துப் பேரைப் படிப்பார், இவர்கள் தலையை ஆட்டினால் போதும், உள்ளே அனுப்பிவிடுவார். இவளையும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். மூன்று தடவை கேட்டிருக்கிறார். இவள் அசையாமல் நின்றிருக்கிறாள். பின்னால் நின்ற ஒருத்தி, "என்ன மதினி, கட்டுனவன் பேரு மறந்து போச்சா?" என்று கேட்க, வரிசையே சிரித்திருக்கிறது. கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். அதை நான் எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை.

"சும்மா தலையை ஆட்டிட்டு உள்ள போகவேண்டியதுதானே. வெறும் காகிதந்தானே" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்க அக்காவைக் கொண்டாந்து நிறுத்தி, இவதான் உன் பெண்டாட்டியான்னு நாலு பேருக்கு முன்னால கேட்டா நீங்க தலையை ஆட்டுவியளா?"

 நான் கவிழ்ந்து கிடந்த கார்டை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவளே சமாதானமாகப் பேசினாள். "பேரை மாத்திருங்க. ஆபீசு செம்பூர்ல இருக்காம்லா. போய்ச் சொல்லுங்க, இது எங்க மச்சான் பேரு, நான் இன்னாருன்னு. அம்புட்டுத்தானே. உங்களுக்கு ஒரு நாள் கூலி போகும், போகட்டும்."

அடுத்த வாரம் அரை நாள் லீவு கேட்டேன். சயானிலிருந்து பஸ் பிடித்து செம்பூர் போனேன். வழி நெடுக ஒரே யோசனை. வேறொரு கம்பெனியில் பிறத்தியார் பேரில் வேலை பார்த்தவனைப் பிடித்து, அவனையும் முக்காதமையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று எங்கள் குழாயடியில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. ஆறு வருஷமாகப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று கேட்டால் என்ன சொல்வது? புண் வந்தபோது வாங்கிய அரைக் கூலியைத் திருப்பிக் கேட்டால்? மச்சானையும் இழுப்பார்களா? பஸ்ஸில் இந்தியில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இது என் மச்சான் பேர், என் பேர் வேறு. இது என் மச்சான் பேர், என் பேர் வேறு.

ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். அவர் யாரையும் அதட்டவில்லை. ஒரு கிழவருக்குத் தன் பேனாவைக் கொடுத்து, எங்கே எழுத வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினார். அவர் கடுமையான ஆளாக இருந்திருந்தால் இன்றைக்கு என் மனசுக்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

என் முறை வந்தது. கார்டை நீட்டினேன். அவர் வாங்கி மச்சான் பேரைப் படித்தார். "உங்கள் பேர்தானே?" என்று இந்தியில் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

என் பெண்டாட்டி வரிசை சிரிக்கச் சிரிக்க நின்று ஆட்டாத தலையை, யாருமே சிரிக்காத இடத்தில் நான் ஆட்டினேன். "என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்றார். பஸ்ஸில் பழகிய வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டேன். எங்கள் சந்து டாக்டரைப் பற்றி, எனக்கே தெரிந்த நேரத்தைக் கேட்டேன். அவர் ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மாத்திட்டியளா?"

"எழுதிக் குடுத்தாச்சு. புதுக் கார்டு வர ரெண்டு மாசம் ஆகுமாம்."

அவள் முகம் மலர்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "பேசிட்டு வந்துட்டியளே" என்றாள். அவளுக்குக் கார்டைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கேசரி கிண்டினாள். நான் சாப்பிட்டேன்.

பொய்யைச் சொல்லும்போது, அடுத்த வாரமே போய் உண்மையாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் கம்பெனியில் வேலை அதிகம். அவளோ கார்டு வரட்டும் என்று காத்திருந்தாள். முனிசிபல் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பூண்டு எண்ணெயும் பஞ்சுமாக நாள் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் காட்கோபரிலிருந்து வாழைப்பழச் சீப்போடு வந்தார். தங்கச்சி விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"ஒருவழியா என் பேரை எங்கிட்டயே குடுத்திட்டீரு மாப்ள. ஆறு வருசமா இந்தப் பேரு தோல் தூக்கித் தூக்கி, கடையில சும்மா உக்காந்திருக்கிற எனக்கு இடுப்பு வலிக்கி."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவர், "ரெண்டு மாசம் கழிஞ்சிட்டுல்லா? வாரும், நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுட்டு வருவோம். என் மூஞ்சியையும் காட்டிருவோம்" என்றார்.

அன்றைக்குச் சரி என்று சொல்லியிருக்கலாம். வழியில் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருப்பார். திட்டிவிட்டு எனக்குப் பதிலாகப் பேசியும் இருப்பார்.

"வேண்டாம் மச்சான். அவியளே அனுப்பிருவாவ" என்றேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாட்டுங்காவிலிருந்து யாராவது படித்துப் போட்ட வாரப் பத்திரிகை கைக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தொடர்கதையைச் சத்தமாக வாசிப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு எங்கும் பேசாத நான் அப்போது மட்டும் பேசுவேன். கதையில் வருகிறவர்கள் செய்வது சரியா தப்பா என்று அவளோடு வழக்காடுவேன். அந்த மாசங்களில் ஒரு நாள் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். "என் சத்தம் எனக்கே பானைக்குள்ள இருந்து வாரமாதிரி கேக்குது" என்றாள். இடது காதிலும் பஞ்சு இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போதும் நான் செம்பூர் போகவில்லை.

ஒரு காலை, குழாயடியில் அவள் குடத்தோடு விழுந்துவிட்டாள். கடுங்காய்ச்சல். காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. தலைமுடியை இழுத்து மூடி அதை எத்தனை நாள் என்னிடம் மறைத்தாளோ தெரியாது. மச்சானுக்கு ஆள் அனுப்பி, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தது அவர்கள் புண்ணியம். ஒரு இளம் லேடி டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வலது காது போய்விட்டது, இடதிலும் மிச்சம் அதிகமில்லை, அதுவும் குறைந்துகொண்டே போகும் என்றார். "சில மாசம் முன்னால் ஒழுங்காக மருந்து போட்டிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

 மச்சான்தான் பதில் சொன்னார். "கார்டு வரலை டாக்டர். இவரு எழுதிக் குடுத்து நாலு மாசம் ஆச்சு. ஆபீசுக்காரன் அனுப்பலை."

என் பொய்யை அவர் எனக்காக எடுத்துப் பேசினார். வெளியே வந்ததும் கொதித்தார். "நாளைக்கு செம்பூர் போறேன். ஒரு பொம்பளைக்குக் காது போயிருக்கு. அந்த ஆளைச் சட்டையைப் பிடிச்சுக் கேக்காம விடமாட்டேன்."

அந்தக் கண்ணாடிக்காரரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. கிழவருக்கு விரல் வைத்துக் காட்டிய விதமும். "பொறுங்க மச்சான், கம்பெனி குமாஸ்தாட்ட முதல்ல கேக்கேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குமாஸ்தா குடையை மாட்டுவதற்கு முன்னால் அவர் முன் போய் நின்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அவர் டிபன் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். "நீர் வேற ஆள்னு எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா பார்த்துண்டிருக்கேன். முதல்லயே வந்து சொல்லப்படாதோ? இதுக்கு ஒரு அரைத் தாள்தானே வேணும்."

"வேலை போயிருமோன்னு..."

"யார் சொன்னா? இந்தக் கம்பெனியிலேயே நாலஞ்சு பேருக்கு மாத்திக் குடுத்திருக்கேன். தாராவியில இது இல்லாத இடம் உண்டோ? இன்சூரன்ஸ் ஆபீஸ்காராளுக்கும் தெரியும்." பிறகு, "அப்போ செம்பூர் போனீரே, அங்கே ஒரு வரிகூட எழுதிக் குடுக்கலையா?" என்றார்.

"இல்லீங்க."

 அவர் மேஜை டிராயரை இழுத்து ஒரு தாளை எடுத்து, நான் யார், எப்போதிலிருந்து வேலை பார்க்கிறேன், மச்சான் யார் என்று ஆங்கிலத்தில் எழுதினார். நிஜமாகவே அரைத் தாள்தான். முக்காதமும் மச்சானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கீழே நான் என் பேரைப் போட்டேன். கை பழக்கத்தில் முதலில் மச்சான் பேரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். அவர் அதை அடிக்கச் சொல்லி, பக்கத்தில் திரும்ப எழுதச் சொன்னார்.

யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் என் பேரில் கார்டு வந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு சந்து டாக்டரிடம் கட்டு மாற்றப் போனேன். அதே கம்பவுண்டர். கார்டைப் பார்த்து என் பேரைப் படித்து, "உன் புருஷன்தானே?" என்று கேட்டார். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கக் கேட்டார். அவள் அவர் வாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கார்டைத் தொட்டு, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அவளோடு பேச வேண்டுமானால் இடது காதுப் பக்கம் போய்க் கத்த வேண்டும். எனக்குக் கத்திப் பேசிப் பழக்கமில்லை. உப்பு, தண்ணீர், கதவு என்று ஒற்றைச் சொல்லாகக் கத்துகிறேன், கையால் காட்டுகிறேன். பத்திரிகையை அவள் தனக்குள் வாசிக்கிறாள், சிரிப்பு வருகிற இடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டுகிறாள். நான் எழுத்துக் கூட்டி அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் சிரிப்பு அடங்கிவிடுகிறது. வழக்காடுவது நின்றுபோயிற்று.

அவளிடம் உண்மையை இன்றுவரை நான் சொல்லவில்லை. இந்த விஷயத்தை எப்படிக் கத்திச் சொல்வது? எங்கள் வீட்டுச் சுவர் தகரம். அந்தப் பக்கம் நாலு குடும்பம், இந்தப் பக்கம் மூன்று.

மச்சான் வரும்போதெல்லாம் செம்பூர் ஆபீசைத் திட்டுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போது திரும்பவும் ஆரம்பித்தார். "சர்க்காரு நல்லதுக்குத்தான் கொண்டாந்துச்சு. நடுவுல உக்காந்திருக்கானே ஒருத்தன், அவன் சோம்பேறித்தனத்துல என் தங்கச்சி காது போச்சு." அவர் கையசைவை வைத்தே அவள் புரிந்துகொண்டாள், ஆமாம் என்று தலையை ஆட்டினாள். உண்மை இல்லாததற்குத் தலையாட்டாதவள் அவள். அவளை நான் ஆட்ட வைத்துவிட்டேன். அந்தக் கண்ணாடிக்காரருக்கு என் முகம்கூட ஞாபகம் இருக்காது. அவர்மேல் இந்தப் பழி மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் கிடக்கிறது.

அதனால்தான் இந்த நோட்டை வாங்கினேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாம் தடவை.

பிறத்தியார் பேரில் கார்டு வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், குமாஸ்தாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அரைத் தாள் போதும்.

என் வீட்டுக்காரிக்கு: செம்பூரில் நான் பேசவில்லை. எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்காரர் உன் அண்ணன் பேரைப் படித்து "உங்கள் பேர்தானே" என்று என்னைக் கேட்டார், நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நீ அன்றைக்குக் கேசரி கிண்டினாய்.

நாளைக்குக் காலை நான் வேலைக்குப் போகும்போது இதை உன் தையல் கூடையில், ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்து உன் இடது பக்கம் உட்காருவேன். நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேட்கும்.

தாராவி, 1969 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.